ஆளை எண்ணும் சபை, கதவை எண்ணும் சங்கம்

சென்னையிலிருந்து பழைய மகாபலிபுரம் சாலையில் தெற்கே போகிறவர்களுக்குப் படூர், தாழம்பூர், கேளம்பாக்கம் என்ற பெயர்ப் பலகைகள் பழக்கமானவை. ஏரியும் வயலும் களத்துமேடுமாக இருந்த ஊர்கள் இவை. கிராம ஊராட்சியாக இருந்தபடியே, வயல் கிடந்த இடத்தில் அடுக்குமாடிக் கட்டடங்களை வாங்கிக்கொண்டன. இந்தப் பக்கத்து ஊராட்சி ஒன்றில் அக்டோபர் 2 எப்படிக் கழியும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

காலை பதினொரு மணி. ஊராட்சி அலுவலக வாசலில் சாமியானா, வாடகை நாற்காலிகள், கரகரக்கும் ஒலிபெருக்கி. முன்வரிசையில் நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள். ஊராட்சிச் செயலர் வரவு செலவை மூச்சுவிடாமல் படித்துக்கொண்டிருக்கிறார். பின்னாலிருந்து ஓர் அம்மா எழுந்து, "தெருக்குழாயில நாலு நாளா தண்ணி வரல, அதுக்கு மொதல்ல பதில் சொல்லுங்க" என்கிறார். அங்கிருந்து அரைக் கிலோமீட்டர் தள்ளி, காவலாளி நிற்கும் கேட்டுக்குள், கிளப் ஹவுஸ் கூடத்தில் இன்னொரு கூட்டம் நடக்கிறது. குடியிருப்போர் நலச்சங்கத்தின் நிர்வாகக் குழு. லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம், விருந்தினர் வண்டியை எங்கே நிறுத்துவது, தண்ணீர் லாரிக்காரர் ஏற்றிவிட்ட விலை.

இரண்டு கூட்டங்களிலும் பேச்சு தண்ணீரில்தான் வந்து நிற்கிறது. அந்த லாரித் தண்ணீர் ஊர்ப்புறக் கிணறுகளிலிருந்து வருகிறது. அடுக்ககத்துக் கழிவுநீரை ஏற்றிப்போகும் லாரி சுத்திகரிப்பு நிலையத்துக்கும் போகலாம். ஓட்டுநரின் மனசாட்சி தூங்கும் இரவில் ஏரிக் கால்வாய்க்கும் போகலாம். நீர் புறப்படுவதும் ஊரில், போய்ச் சேர்வதும் ஊரில். நடுவில் மட்டும் ஒரு கேட். கேட்டுக்கு இந்தப் பக்கம் பேசியது அந்தப் பக்கம் கேட்பதில்லை.

கிராம சபை, குடியிருப்போர் நலச்சங்கம் ஆகிய இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை. தன் தெருவைத் தானே சீராக்க வேண்டும் என்று நினைக்கும் ஒரு தமிழ்நாட்டுக்காரருக்கு இன்று திறந்திருக்கும் இரண்டு முக்கிய வாசல்கள் இவை. கிராம சபை ஆளை எண்ணுகிறது. சங்கம் கதவை எண்ணுகிறது. இவற்றின் பலமும் பலவீனமும் பெரும்பாலும் இந்த எண்ணும் முறையிலிருந்தே வருகின்றன.

பிறந்த கதை

கிராம சபை சட்டத்தின் பிள்ளை. அரசியல் சாசனத்தின் 73-ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. மறு ஆண்டே தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்தது. அந்தச் சட்டப்படி, ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர். விண்ணப்பம் இல்லை, சந்தா இல்லை, யாருடைய சிபாரிசும் தேவையில்லை. மாநிலத்தின் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகளில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று ஆண்டுக்கு நான்கு நாள் சபை கூடி வந்தது. பிறகு உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22-உம், உள்ளாட்சி நாளான நவம்பர் 1-உம் சேர்ந்து ஆறாயின.

நலச்சங்கம் எரிச்சலின் பிள்ளை. குப்பை அள்ளப்படவில்லை, தெருவிளக்கு எரியவில்லை, மழை பெய்தால் முழங்கால் அளவு தண்ணீர். ஒருநாள் யாரோ ஒருவர், பெரும்பாலும் பணி ஓய்வு பெற்றவர், ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வீடு வீடாகக் கதவைத் தட்டுகிறார். ஏழெட்டுப் பேர் சேர்ந்ததும் 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவு. தலைவர், செயலாளர், பொருளாளர், ஒரு ரப்பர் ஸ்டாம்பு. அரசாங்கம் இதைச் செய்யச் சொல்லவில்லை. செய்ய வேண்டியதை அரசாங்கம் செய்யாததால் பிறந்தது இது.

சென்னையில் இந்த எரிச்சலுக்கு ஓர் அமைப்பு வடிவம் கிடைத்தது 1989-இல். வங்கி அதிகாரியாக இருந்த எம்.பி. நிர்மல் எக்ஸ்னோராவைத் தொடங்கினார். ஒரு தெருவிலோ சில தெருக்களிலோ உள்ள எழுபத்தைந்து, நூறு வீடுகள் சேர்ந்து ஒரு 'சிவிக் எக்ஸ்னோரா' அமைக்கும். மாதச் சந்தாவில் ஒரு மூன்றுசக்கர வண்டி வாங்கப்படும். அதுவரை குப்பைத் தொட்டியைக் கிளறிப் பிழைத்த ஒருவர் அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு வாசலுக்கு வந்து குப்பையை வாங்கிப் போவார். அவருக்கு வைத்த பெயர் 'தெரு அழகுபடுத்துபவர்'. குப்பை பொறுக்குபவருக்குப் புதுப் பெயரும் மாதச் சம்பளமும் கொடுத்தது சின்ன விஷயமல்ல. அந்தப் பெயருக்குள் ஒளிந்திருந்த ஒன்றைப் பின்னால் பார்க்கலாம்.

யார் நம்மவர்?

உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைச் சொல்லாமல் தமிழில் உள்ளாட்சி பற்றிய மேடைப் பேச்சு எதுவும் தொடங்குவதில்லை. சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்தில், 919-இலும் 921-இலும் பொறிக்கப்பட்டவை. குடும்பு எனப்பட்ட முப்பது ஊர்ப்பகுதிகள், பெயரெழுதிய ஓலையைப் பானையிலிட்டு எடுக்கும் குடவோலை, ஏரி வாரியம், தோட்ட வாரியம், சம்வத்சர வாரியம், 360 நாள் பதவிக்காலம். ஒருமுறை பதவி வகித்தவர் அடுத்த மூன்று ஆண்டு ஒதுங்கியிருக்க வேண்டும். கணக்குக் காட்டாதவர் மட்டுமின்றி அவருடைய உறவினரும் தகுதி இழப்பர். இன்றைய கிராம சபைக்குப் பாட்டன் இதுதான் என்று பெருமையோடு முடிப்பார்கள்.

தகுதிப் பட்டியலைப் படித்தால் உறவு வேறு பக்கம் போகிறது. குடவோலைக்குப் பெயர் எழுதப்படுகிறவருக்கு வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் கட்டிய வீடு வேண்டும். வயது முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள். வேதப் பயிற்சி வேண்டும். அது பிராமணர் ஊரின் சபை. நிலமில்லாதவரும் பெண்ணும் அந்தப் பானைக்குள் ஓலையாக விழ வழியே இல்லை. கணக்கில் கண்டிப்பு, பதவியில் சுழற்சி, உறுப்பினராகச் சொத்து. இந்த மூன்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் உத்திரமேரூரின் நேர் வாரிசு கிராம சபை இல்லை. இன்றைய அடுக்கக உரிமையாளர் சங்கம்தான்.

ஏனென்றால் அங்கேதான் இன்றும் சொத்து பேசுகிறது. பல சங்கங்களில் உறுப்பினர் என்றால் வீட்டுச் சொந்தக்காரர். பத்து வருடமாக அதே வீட்டில் குடியிருந்து, மாதம் தவறாமல் பராமரிப்புக் கட்டணமும் கட்டும் வாடகைக்காரருக்கு, லிஃப்ட் பழுதைப் பற்றிப் புகார் செய்ய உரிமை உண்டு, வாக்கு இல்லை. அமெரிக்காவில் இருந்துகொண்டு அந்த வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவருக்கு உண்டு. ஒரு வீட்டில் ஐந்து பேர் இருந்தாலும் கணக்கில் ஒரு கதவு. கணவர் பெயரில் பத்திரம் என்றால் கூட்டத்துக்குக் கணவர் வருவார். எல்லா முடிவுக்கும் அடிப்படையான வீட்டு நிர்வாகத்தை நாள் முழுக்கப் பார்ப்பவர், மேலே சமையலறையில் இருப்பார்.

கிராம சபையில் கணக்கு தலைக்கு ஒன்று. குத்தகைக்காரர், கூலிக்காரர், மாமியார், மருமகள், பதினெட்டு வயது நிறைந்து பட்டியலில் ஏறிய கல்லூரி மாணவி எல்லோரும் தனித்தனி ஆள். குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும் என்பதும் மக்கள்தொகைப்படியே விதிக்கப்பட்டிருக்கிறது: 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. ஊராட்சிகளில் பாதி இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட பிறகு மேடையிலும் அவர்கள் இருக்கிறார்கள். சாமியானாவுக்குக் கீழே அதற்கு முன்பிருந்தே பெரும்பான்மை அவர்கள்தான்.

உரிமையின் அகலத்தை அளந்தால் சபைக்கு நிகராகச் சங்கம் நிற்க முடியாது. ஆனால் அகலமான வாசல் இருப்பதாலேயே உள்ளே வேலை நடந்துவிடுவதில்லை.

பணம் வரும் வழி

சங்கத்தின் பணம் பக்கத்து வீட்டிலிருந்து வருகிறது. சதுர அடிக்கு இத்தனை என்றோ வீட்டுக்கு இத்தனை என்றோ மாதம் பிறந்ததும் வசூல். செலவும் கண்ணெதிரே. மோட்டார் எரிந்தால் மறுநாள் மெக்கானிக் வருகிறார். பொருளாளர் மூன்று பேரிடம் விலை கேட்டு, குறைந்த விலைக்காரரைக் கூப்பிட்டுவிடலாம். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் டீசல் கணக்கில் நானூறு ரூபாய் இடித்தால் அரை மணி நேரம் சண்டை நடக்கும். சொந்தப் பணம் என்பதால் வரும் கூர்மை அது.

ஊராட்சியின் பணத்தில் பெரும்பகுதி மேலிருந்து வருகிறது. வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம், தொழில் வரி என்று சொந்த வருவாய் உண்டு. மற்றதெல்லாம் மாநில நிதிக்குழு மானியம், மத்திய நிதிக்குழு மானியம், திட்ட நிதி. வரும் பணமும் கையைக் கட்டிக்கொண்டு வருகிறது. 15-ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரைக்கும் தந்த மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டுமே செலவிட வேண்டியிருந்தது. தலைவர் தனியாகக் காசோலை எழுத முடியாது, துணைத்தலைவரின் கையெழுத்தும் வேண்டும். இருவரும் எதிரெதிர்க் கட்சி என்றால் குடிநீர்க் குழாய்க்கு வாங்கிய வால்வுக்குக்கூட ஆறு மாதம் பணம் போகாது. எல்லாவற்றுக்கும் மேலே ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற பொறுப்பில் மாவட்ட ஆட்சியர். சட்டத்தின் 205-ஆவது பிரிவு, தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரைப் பதவியிலிருந்து இறக்கும் நடவடிக்கையை அவர் கையில் வைத்திருக்கிறது.

இந்தக் கட்டு எவ்வளவு இறுக்கமானது, அதைச் சபையால் எப்படித் தளர்த்த முடியும் என்பதற்குத் திருவள்ளூர் மாவட்டத்துக் குத்தம்பாக்கம் நல்ல சாட்சி. வேதிப் பொறியாளரான இளங்கோ ரங்கசாமி வேலையை விட்டு ஊருக்குத் திரும்பி 1996-இல் ஊராட்சித் தலைவரானார். கிரானைட் மெருகேற்றும் ஆலையில் கழிவாகக் கிடந்த கற்களைக் கொண்டுவந்து, குறைந்த செலவில் கழிவுநீர்க் கால்வாய் கட்டினார். திட்ட மதிப்பீட்டில் எழுதியபடி கட்டவில்லை என்று அவரைப் பதவியிலிருந்து இடைநீக்கம் செய்தார்கள். கிராம சபை கூடியது. ஊர் அவர் பக்கம் நின்றது. பதவி திரும்பி வந்தது. அடுக்ககப் பொருளாளர் ஒருவர் இதே சிக்கனத்தைச் செய்திருந்தால் பொன்னாடை போர்த்தியிருப்பார்கள். பொதுப் பணத்தில் சிக்கனம் செய்வதற்கே அங்கே ஊரைக் கூட்ட வேண்டியிருந்தது.

குப்பையும் மழையும்

வேலையின் வேகத்தில் சங்கத்துக்குத்தான் முதலிடம். சென்னையில் மழைநீர் சேகரிப்பை எடுத்துக்கொள்ளலாம். இயற்பியலாளரான சேகர் ராகவன் 1990-களின் நடுவில் பெசன்ட் நகர்ப் பக்கம் வீடு வீடாக ஏறி இறங்கி, மொட்டைமாடியில் விழும் மழையைக் கிணற்றில் இறக்குங்கள் என்று சொல்லத் தொடங்கினார். கடலோர ஊர், மேலே நல்ல நீரை உறிஞ்சினால் கீழே உப்பு நீர் உள்ளே வரும். கேட்டவர்கள் சிலர், சிரித்தவர்கள் பலர். 2002-இல் மந்தைவெளியில் ஆகாஷ் கங்கா என்ற மழை இல்லம் எழுந்தது. 2003-இல் தமிழக அரசு அவசரச் சட்டம் போட்டு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. சட்டத்துக்கு முந்தியே தெருவில் செய்து பார்த்தவர்கள் இருந்தார்கள்.

சபையால் இப்படி நினைத்த மாத்திரத்தில் தொடங்க முடியாது. தீர்மானம் எழுத வேண்டும், ஒன்றிய அலுவலகத்துக்குப் போக வேண்டும், பொறியாளர் மதிப்பீடு தர வேண்டும், நிர்வாக அனுமதி வர வேண்டும். சுதந்திர தினத்தன்று கேட்ட சிறுபாலம் குடியரசு தினத்துக்கு வந்தால் அதிர்ஷ்டம். அதே கோரிக்கை நான்கு சபைகளின் தீர்மானப் பதிவேட்டில் ஒரே வாசகத்தோடு இடம்பெறுவதும் உண்டு.

ஆனால் வேகத்துக்கு இன்னொரு பெயர் சின்ன எல்லை. எக்ஸ்னோராவின் மூன்றுசக்கர வண்டி தெருவைத் துப்புரவாக்கியது. அள்ளிய குப்பை தெருமுனைத் தொட்டிக்குப் போனது. அங்கிருந்து மாநகராட்சி லாரியில் கொடுங்கையூர், பெருங்குடிக் குப்பைமேடுகளுக்குப் போனது. தெரு அழகானது, கொடுங்கையூர் அழகாகவில்லை. 'தெரு அழகுபடுத்துபவர்' என்ற சொல்லில் ஒளிந்திருந்தது இந்த எல்லைதான். நம் கேட்டைத் தாண்டியதும் குப்பை காணாமல் போய்விடுவதாக நினைக்க முடிவது வசதியின் அடையாளம்.

எல்லாச் சங்கங்களும் அந்த எல்லையிலேயே நின்றுவிட்டன என்றும் சொல்ல முடியாது. பெருங்குடிக் குப்பைமேட்டின் புகை மூக்கில் ஏறியபோது சுற்றுப்புற நகர்களில் இருந்தவர்களுக்குக் கேட்டைத் தாண்டிப் பார்க்க வேண்டியதாயிற்று. குடியிருப்புவாசிகளும் ஆய்வாளர்களும் சூழல் ஆர்வலர்களும் சேர்ந்து பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்காகப் பேசினார்கள், மனுப் போட்டார்கள், வழக்காடினார்கள். 2007-இல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் சதுப்பு நிலம் ராம்சார் உடன்படிக்கைப்படி உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமானது. புகைக்கு மதில் சுவர் தெரியாது. அதனால்தான் கதவை எண்ணியவர்கள் அந்த ஒருமுறை காற்றையும் எண்ணினார்கள்.

'வேண்டாம்' என்று சொல்லும் வேளை

ஊருக்கு ஒன்று வேண்டும் என்று கேட்பதைவிட, வந்து இறங்கும் ஒன்றை வேண்டாம் என்று சொல்வதற்குக் கூடுதல் பலம் தேவை. இங்கே தராசு கிராம சபைப் பக்கம் சாய்கிறது.

மதுரை மாவட்டம் மேலூர் வட்டத்து அரிட்டாபட்டி, மலையும் சுனையும் சமணர் படுக்கையும் பாண்டியர் குடைவரையும் உள்ள ஊர். 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் பகுதியின் 193 ஹெக்டேர் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. இரண்டே ஆண்டில், 2024 நவம்பரில், அந்த இடத்தையும் உள்ளடக்கி 2,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத் தொகுதி ஏலம் போனது. அந்த மாதமே நடந்த கிராம சபைகளில் சுற்றுவட்டார ஊர்கள் தீர்மானம் போட்டன. டிசம்பரில் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. ஜனவரியில் மேலூர்ப் பகுதியிலிருந்து மதுரைக்கு மக்கள் பேரணியாக நடந்தார்கள். 2025 ஜனவரி 23 அன்று மத்தியச் சுரங்க அமைச்சகம் ஏலத்தை ரத்து செய்தது.

கிராம சபைத் தீர்மானம் மட்டுமே இதைச் சாதித்ததா? இல்லை. ஆனால் முதல் எழுத்து அங்கேதான் எழுதப்பட்டது. கூட்டமாகப் போய்க் கொடுத்த மனுவுக்கும் சட்டப்படி கூடிய சபையின் தீர்மானத்துக்கும் வித்தியாசம் உண்டு. மனுவில் கையெழுத்திட்டவர்கள் சிலர்; தீர்மானத்தில் கையெழுத்திட்டது ஊர். நலச்சங்கம் எத்தனை பெரிய வழக்கறிஞரை வைத்து வாதாடினாலும் நீதிமன்றத்தில் அது ஒரு மனுதாரர்தான்.

இதே கருவி இன்னோர் ஊரில் மழுங்கியதையும் சொல்லிவிட வேண்டும். காஞ்சிபுரம் மாவட்டம் ஏகனாபுரம், பரந்தூர் விமான நிலையத் திட்டத்துக்கு எதிராக 2022 முதல் கிராம சபைக்குக் கிராம சபை தீர்மானம் போட்டு வந்தது. திட்டம் நிற்கவில்லை. தீர்மானம் அரசைக் கட்டுப்படுத்தும் என்று சட்டம் சொல்லவில்லை. சபைக்குக் குரல் இருக்கிறது, சாவி இல்லை. அந்தக் குரலுக்கு ஊருக்கு வெளியே எத்தனை தொண்டைகள் சேர்கின்றன என்பதைப் பொறுத்தே விளைவு.

வாசற்படியில் நிற்பவர்கள்

இதுவரை படித்தவர் சபையை நல்லவராகவும் சங்கத்தைச் சுயநலக்காரராகவும் முடிவுகட்டியிருந்தால், மேலவளவை நினைத்துக்கொள்ள வேண்டும். மதுரை மாவட்டத்து அந்த ஊராட்சி 1996-இல் தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது. தலைவரான முருகேசனும் அவரோடு இருந்த சிலரும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அதே மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 1996 முதல் பத்தாண்டுக் காலம் தேர்தலைப் பெரும்பாலும் நடக்கவே விடவில்லை. நடந்தாலும் வென்றவர் உடனே பதவி விலக வைக்கப்பட்டார். 2006-இல்தான் அந்த ஊர்களுக்கு ஒழுங்கான தலைவர்கள் வந்தார்கள். 2021 அக்டோபர் 2 அன்று முதலமைச்சர் பாப்பாபட்டி கிராம சபையில் உட்கார்ந்ததற்கு இந்தப் பழைய கணக்கும் ஒரு காரணம்.

வாக்காளர் பட்டியலில் ஆளை எண்ணுவது சட்டம். நாற்காலியில் ஆளை உட்காரவிடுவது ஊர். காலனித் தெருக் குழாயைப் பற்றிக் கேட்க எழுந்த இளைஞரிடம் "அப்புறம் பேசலாம், உட்காருப்பா" என்று சொல்லப்படும் தொனியில் சட்டம் எதுவும் எட்டிப் பார்ப்பதில்லை. சபை கூடாமலே பதிவேடு வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கி வருவதும் பல ஊர்களில் சொல்லப்படும் குறை. 2016 முதல் 2019 கடைசிவரை உள்ளாட்சித் தேர்தலே நடக்காமல் தனி அலுவலர்கள் ஊராட்சிகளை நடத்திய காலமும் இருந்தது.

சங்கம் விலக்குவது வேறு விதம். அங்கே யாரும் சாதி பேசுவதில்லை, விதிமுறை பேசுகிறார்கள். வீட்டு வேலைக்கு வரும் பெண்ணுக்குத் தனி லிஃப்ட், உணவு கொண்டுவரும் இளைஞருக்குத் தனி வாசல், பூங்காவில் உட்காரக் கூடாத நேரங்கள். தள்ளுவண்டிக் காய்கறிக்காரர் பாதுகாப்புப் பிரச்சினை ஆகிறார். 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் இந்த மோதலை முன்பே பார்த்திருக்கிறது. நகர விற்பனைக் குழுவில் குடியிருப்போர் சங்கங்களுக்கு இடம் கொடுத்தது. அதே குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும் என்றும் எழுதியது. சங்கக் கூட்டத்தில் பேசப்படும் பொருளாக மட்டும் இருந்தவர், இங்கே பேசும் ஆளாகிறார்.

கிராமத்து விலக்கலில் வன்முறை இருக்கிறது, ஆனால் அதை எதிர்க்கச் சட்டமும் ஒதுக்கீடும் கூடவே நிற்கின்றன. நகரத்து விலக்கல் சத்தமில்லாதது. அதனாலேயே அதை எதிர்த்து நிற்க ஓர் இடமும் இல்லை.

பாலம் போட்ட கதை

இரண்டையும் இணைக்க அரசு முயலாமல் இல்லை. நகரத்துக்கும் கிராம சபை போல ஒன்று வேண்டும் என்ற எண்ணம் அரசியல் சாசனத்தின் 74-ஆவது திருத்தத்தோடு வந்தது; தமிழ்நாட்டுச் சட்டத்தில் 2010-இல் வார்டு குழுவும் பகுதி சபையும் இடம்பெற்றன; விதிகள் 2022-இல்தான் வந்தன. அவ்வாண்டு நவம்பர் 1 அன்று தாம்பரம் மாநகராட்சியின் பம்மல் பகுதியில் நடந்த சபையில் முதலமைச்சர் கலந்துகொண்டார். வார்டு குழுவுக்குக் கவுன்சிலர் தலைவர். பகுதி சபையில் அந்தப் பகுதி வாக்காளர் எல்லோரும் உறுப்பினர். குடிசையும் அடுக்ககமும், வாடகைக்காரரும் வீட்டுக்காரரும் ஒரே பட்டியலில். நகரம் முதல்முறையாகக் கதவை விட்டுவிட்டு ஆளை எண்ணத் தொடங்கிய இடம் இது. ஆனால் பகுதிப் பிரதிநிதி நியமிக்கப்படுபவர். கூட்ட நாள் பக்கத்துத் தெருவுக்குக்கூடத் தெரியாமல் வந்து போய்விடுகிறது. ஊருக்குள் கிராம சபை என்றால் என்ன என்று ஒரு தலைமுறையாவது பார்த்திருக்கிறது. நகரத்துக்கு அந்தப் பழக்கம் இனிமேல்தான் வர வேண்டும்.

எதிர்த் திசையிலும் ஒரு பாலம் உண்டு. 1990-களின் கடைசியில் வந்து 2021-இல் மீண்டும் உயிர்பெற்ற 'நமக்கு நாமே' திட்டம், மக்கள் பொதுவாக மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும் என்கிறது. சங்கத்தின் சந்தா முறையைப் பொதுப் பணிக்குக் கொண்டுவரும் யோசனை இது. பங்குப் பணம் போட்டவர்கள் ஒப்பந்தக்காரரின் சிமெண்டு மூட்டையைப் பக்கத்தில் நின்று எண்ணுவார்கள் என்பது இதன் நன்மை. பங்குப் பணம் போட முடியாத தெருவுக்கு எப்போது சாலை வரும் என்பது இதன் கேள்வி.

எதை எடுத்துக்கொள்வது?

சபை சங்கத்திடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டியது கணக்கின் மேல் காட்டும் அந்த நானூறு ரூபாய்க் கோபத்தை. தலைவர் வீட்டுப் பணமில்லை, கட்சிப் பணமில்லை, நம் வரியும் நம் பெயரைச் சொல்லி வந்த மானியமும்தான் அது என்று உறைத்தால், செயலர் மூச்சுவிடாமல் படிக்கும் கணக்கை யாராவது நிறுத்தி, "அந்த ரெண்டாவது வரியை இன்னொரு தடவை படிங்க" என்பார்கள். கிராம சபையை உயிர்ப்பிக்கப் புதுச் சட்டம் எதுவும் வேண்டாம், இந்த ஒரு வாக்கியம் போதும்.

சங்கம் சபையிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டியது இன்னும் கடினமானது. தனக்குப் பிடிக்காதவரும் உறுப்பினர்தான் என்ற ஒழுக்கம் அது. வாடகைக்காரருக்கு வாக்கு, காவலாளிக்குக் கூட்டத்தில் ஒரு நாற்காலி, குப்பை வாங்க வருபவரிடம் எப்படிப் பிரித்துத் தர வேண்டும் என்ற ஒரு கேள்வி. இவற்றுக்குச் செலவு ஒன்றுமில்லை, கூச்சம் மட்டும் உண்டு.

பழைய மகாபலிபுரம் சாலை ஊர்களில் இதற்குப் பாடம் நடத்த வேண்டிய அவசியமே இல்லை. அங்கே அடுக்ககத்தில் குடியேறி, வாக்காளர் பட்டியலில் பெயரை மாற்றிக்கொண்ட மென்பொருள் பொறியாளர், தனக்குத் தெரியாமலே கிராம சபையின் உறுப்பினர். அவர் வீட்டில் காலையில் பாத்திரம் தேய்த்துவிட்டுப் போகும் பெண்ணும் அதே சபையின் உறுப்பினர். கேட்டில் அந்தப் பெண் தன் பையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் வெளியே வர வேண்டும். அக்டோபர் 2 அன்று சாமியானாவுக்குக் கீழே, ஊராட்சியின் முழு வரவு செலவையும் திறந்து காட்டச் சொல்லும் உரிமை அதே பெண்ணுக்கு இருக்கிறது.

அன்று அவர் எழுந்து, தெருக்குழாயில் ஏன் தண்ணீர் வரவில்லை என்று கேட்கிறார். தண்ணீர் எந்த லாரியில் ஏறி எந்தக் கேட்டுக்குள் போனது என்ற பதில், அரைக் கிலோமீட்டர் தள்ளி நடக்கும் கூட்டத்தின் செலவுக் கணக்கில் எழுதியிருக்கிறது. பொறியாளர் அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு சாமியானாவுக்கு நடந்து வர வேண்டும். பத்து நிமிட நடைதான்; வழியில் கேட்டை யாராவது திறந்துவிட வேண்டும்.